தேடல் இண்டெக்ஸ்களுக்கு நடுவே ஜாயின்: நெல் கொள்முதல் தரவுக்கு எந்த வழி?

மன்னார்குடிப் பக்கம் உள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றுக்கு நாங்கள் கட்டிவரும் தேடல் வசதியில் மூன்று இண்டெக்ஸ்கள் (தேடுவதற்கென்று அடுக்கிய தரவுத் தொகுப்புகள்) இருக்கின்றன. ஒன்றில் நிலம்: வருவாய்க் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, தண்ணீர் பாயும் வாய்க்கால். இன்னொன்றில் சாகுபடியாளர்: பெயர், தகப்பனார் பெயர், கைபேசி எண், வங்கிக் கணக்கு. மூன்றாவதில் கொள்முதல் சீட்டு: தேதி, ரகம், ஈரப்பதம், 40 கிலோ மூட்டை எத்தனை, பணம் ஏறியதா இல்லையா. எதைத் தனியாகத் தேடினாலும் விடை உடனே வந்துவிடுகிறது. கேள்வி இரண்டு இண்டெக்ஸைத் தொட்டால், அதாவது ஜாயின் (இரண்டின் பதிவுகளைப் பொருத்தி இணைப்பது) தேவைப்பட்டால், தாமதம். மூன்றையும் தொட்டால் கவுண்டரில் நிற்பவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தை மாத அறுவடை நேரத்தில் வரும் கேள்வி பெரும்பாலும் மூன்றையும் தொடும். "வெண்ணாற்றுப் பாசனத்தில் சி.ஆர். 1009 ரகம் போட்டவர்களில், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதால் நெல் கொள்முதல் ஆகாமல் நிற்பவர்கள் யார், அவர்களை எந்த எண்ணில் கூப்பிடுவது?" இதற்கு அரை மணி கழித்து விடை தந்து பயனில்லை. திறந்த வெளியில் கொட்டிக் கிடக்கும் நெல்லுக்கு மேலே மேகம் கூடிக்கொண்டிருக்கும். யார் நெல்லை முதலில் காயவைக்க வேண்டும், எங்கே தார்ப்பாய் அனுப்ப வேண்டும் என்பது இந்த விடையில்தான் இருக்கிறது.

இதற்குத் தேடல் இயந்திரம் எதற்கு, சாதாரண தரவுத்தளம் போதாதா என்று கேட்கலாம். பெயர்கள்தான் காரணம். சுப்பிரமணியன், சுப்ரமணியன், சுப்புரமணியன் மூவரும் ஒரே ஆள். சிட்டாவில் ஒரு மாதிரி, பாஸ்புத்தகத்தில் ஒரு மாதிரி, சீட்டில் வேறு மாதிரி. இந்தத் தளர்வான தேடலுக்காகவே எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் இயந்திரத்துக்கு வந்தோம். அதற்கு அடியில் இருக்கும் லூசீன் என்ற தேடல் நூலகமே ஓப்பன்சர்ச், சோலர் என்ற மற்ற இரண்டு தேடல் இயந்திரங்களுக்கும் அடியில் இருப்பது என்பதால், கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

தாமதம் எங்கே பிறக்கிறது

ஒரு சொல்லைக் கொடுத்தால் அது இருக்கும் டாக்குமென்டுகளை (பதிவுகளை) எடுத்துத் தருவதற்கென்றே கட்டப்பட்டது லூசீன். ஒரு டாக்குமென்டின் கீ (அதை அடையாளம் காட்டும் மதிப்பு) வேறொரு இண்டெக்ஸில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அதன் பிறவி வேலை இல்லை. அதோடு ஒவ்வொரு இண்டெக்ஸும் ஷார்டுகளாக, அதாவது துண்டுகளாக, பிரிந்து பல சர்வர்களில் கிடக்கிறது. எது எந்த ஷார்டுக்குப் போகும் என்பதை ஐடியிலிருந்து கணக்கிடும் எண்ணான ஹாஷ் முடிவு செய்கிறது. சர்வே எண் 112/3 நிலம் ஒரு சர்வரிலும், அதே நிலத்தின் நெல் சீட்டு இன்னொரு சர்வரிலும் இருப்பது இயல்பு. ஜாயின் செய்ய வேண்டுமென்றால் கீகள் நெட்வொர்க் வழியே பயணப்பட வேண்டும். நேரம் பெரும்பாலும் எத்தனை கீ பயணப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

ஆகவே எந்த வழியை எடைபோட்டாலும் நாங்கள் கேட்டது இரண்டே கேள்வி. இணைக்கும் வேலையை எழுதும்போதே முடிக்கிறோமா, தேடும்போது செய்கிறோமா? தேடும்போது என்றால், பயணப்படும் கீகளை எவ்வளவு குறைக்க முடியும்?

எழுதும்போதே இணைத்துவிடுவது

எலாஸ்டிக்சர்ச்சின் சொந்த ஆவணங்களே ஜாயினைத் தவிர்க்கச் சொல்கின்றன. நெஸ்டட் வகை (ஒரு பதிவுக்குள் மற்றப் பதிவுகளை அடுக்குவது) தேடலைச் சில மடங்கு மெதுவாக்கலாம், பேரன்ட்-சைல்டு உறவு (தாய்ப் பதிவு, பிள்ளைப் பதிவு என்று இணைப்பது) நூற்றுக்கணக்கான மடங்கு மெதுவாக்கலாம் என்று அங்கே வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் மாற்று, தேவையான விவரங்களை ஒரே டாக்குமென்டில் நகலெடுத்து வைப்பது. சீட்டிலேயே கிராமம், வாய்க்கால், சாகுபடியாளர் பெயர் எல்லாம் இருந்துவிட்டால் எங்கள் கேள்வி ஒரே இண்டெக்ஸில் நான்கு ஃபில்டராக, அதாவது வடிகட்டும் நிபந்தனையாக, சுருங்கிவிடும். வேகத்தில் இதை மிஞ்ச வேறு வழி கிடையாது.

இதற்கு எல்லோரும் சொல்லும் எதிர்ப்பு, ஒரு விவரம் மாறினால் ஆயிரம் இடத்தில் மாற்ற வேண்டுமே என்பது. நாங்களும் முதலில் அப்படித்தான் தயங்கினோம். ஆனால் டெல்டாவின் நிலக் கணக்கைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் அந்த எதிர்ப்பு பாதி கரைந்துவிடுகிறது.

ஒரு விவசாயி இறந்து, பட்டா வாரிசுகள் பெயருக்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் உயிரோடு இருந்தபோது போட்ட நெல்லின் சீட்டில் பெயர் மாறலாமா? கூடாது. அந்தச் சீட்டு அன்றைய நிலையின் சாட்சி. அன்று நெல் கொண்டுவந்தவர் யார், அடங்கலில் (கிராமச் சாகுபடிக் கணக்கில்) அன்று யார் பெயர் இருந்தது, அன்று நிலம் எந்த வாய்க்காலில் பாய்ந்தது என்பதெல்லாம் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். தணிக்கைக்கு அதுதான் வேண்டும். இங்கே நகல் எடுப்பது வேகத்துக்காகச் செய்யும் சமரசமே இல்லை. சரியான தரவு வடிவமே அதுதான்.

கைபேசி எண் அப்படி இல்லை. போன வருஷத்து எண்ணுக்குக் கூப்பிட்டு என்ன பயன்? வங்கிக் கணக்கும் இன்றைய நிலையில்தான் தேவை. வங்கி இணைப்பால் கிளைக் குறியீடு மாறினால் பழைய சீட்டில் உறைந்த குறியீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது. பணம் ஏறியதா என்பது நாளுக்கு நாள் மாறும்.

எங்கள் முடிவின் முதுகெலும்பு இந்தப் பாகுபாடுதான்: அன்றைய நிலை வேண்டிய புலங்கள் சீட்டுக்குள் நகலாகப் போகட்டும், இன்றைய நிலை வேண்டிய புலங்கள் வெளியே தங்கட்டும். இப்படிப் பிரித்த பிறகு பார்த்தால், தேடலில் ஃபில்டராகப் பயன்படும் புலங்களில் அநேகமாக எல்லாமே முதல் வகையில் விழுகின்றன. வாய்க்கால், கிராமம், ரகம், பருவம், ஈரப்பதம் எல்லாம் அன்றைய நிலை. இன்றைய நிலை வேண்டியவை பெரும்பாலும் திரையில் காட்ட மட்டுமே. நெல் கொள்முதலுக்கு மட்டும் அல்ல, மருத்துவமனைச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் என்று எந்தப் பதிவேட்டை எடுத்தாலும் இந்தக் கோட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

நகலை யார் எடுப்பது என்பது அடுத்தது. எழுதும் நிரலிலேயே செய்யலாம். அல்லது எலாஸ்டிக்சர்ச்சில் 7.5 பதிப்பு முதல் இருக்கும் என்ரிச் ப்ராசசரிடம் விடலாம். நில இண்டெக்ஸை மூலமாகக் காட்டி ஒரு பாலிசி (எந்த விவரத்தை எதோடு ஒட்டுவது என்ற விதி) எழுதி இயக்கினால், அது படிக்க மட்டுமேயான ஒரு சிறு இண்டெக்ஸைத் தனக்காகக் கட்டிக்கொள்கிறது. அதன்பின் உள்ளே வரும் ஒவ்வொரு சீட்டிலும் நில விவரத்தைத் தானே ஒட்டிவிடும். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூல இண்டெக்ஸ் மாறினால் இந்தச் சிறு இண்டெக்ஸ் தானாக மாறாது. பாலிசியை மறுபடி இயக்க வேண்டும், அப்போதும் ஏற்கெனவே உள்ளே போன சீட்டுகள் பழையபடியே இருக்கும். வேறு இடங்களில் இதைக் குறையாகச் சொல்வார்கள். உறைந்த சீட்டுதான் வேண்டும் என்கிற எங்களுக்கு இது பொருத்தம். கிராமமும் வாய்க்காலும் தினமும் மாறுவதில்லை. வருவாய் ஆண்டான பசலி பிறக்கும் ஜூலை 1 அன்று ஒரு முறை, இடையில் உட்பிரிவு ஆனால் அப்போதைக்கப்போது என்று இயக்கினால் போதும்.

நெஸ்டட், பேரன்ட்-சைல்டு: ஏன் விட்டோம்

நிலத்தை டாக்குமென்டாக வைத்து, அதற்குள் சீட்டுகளை நெஸ்டட் ஆக அடுக்கலாம். தேடும்போது ஓரளவு வேகமாகவே இருக்கும், ஏனெனில் உள்ளே இருப்பவை தாய் டாக்குமென்டோடு ஒட்டியே எழுதப்படுகின்றன. ஒட்டியிருப்பதால் வரும் விலையும் உண்டு. ஒரு சீட்டில் பணம் ஏறியது என்று குறித்தால் அந்த நிலத்தின் எல்லாச் சீட்டுகளும் மறுபடி எழுதப்படும். அறுவடைக் காலத்தில் எங்களுக்குத் தாங்காது.

பேரன்ட்-சைல்டு இதற்கு மருந்து போலத் தெரியும். நிலம் தாய், சீட்டு பிள்ளை, தனித்தனியே மாற்றலாம். ஆனால் இரண்டும் ஒரே இண்டெக்ஸில், ஒரே ஷார்டில் இருந்தாக வேண்டும், அதற்கு ரூட்டிங் (எந்த ஷார்டுக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு) கொடுத்தே எழுத வேண்டும். இந்த உறவைத் தேட எலாஸ்டிக்சர்ச் குளோபல் ஆர்டினல்ஸ் என்ற அட்டவணையை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. ஷார்டில் புதிதாக ஏதாவது எழுதப்பட்டு ரிஃப்ரெஷ் ஆனால் (அது தேடலில் தெரியத் தொடங்கினால்) அந்த அட்டவணை புதிதாகக் கட்டப்பட வேண்டும். ரிஃப்ரெஷ் இயல்பாக 1 விநாடிக்கு ஒரு முறை. டெல்டாவில் எழுதும் சுமையும் தேடும் சுமையும் வெவ்வேறு மாதங்களில் வருவதில்லை. குறுவை அறுவடையிலும் சம்பா அறுவடையிலும் இரண்டும் ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் கூடுகின்றன. அட்டவணை அதிகம் இடிந்து எழும் நேரமும் அதுவே. ரிஃப்ரெஷை 30 விநாடிக்குத் தள்ளினால் வலி குறையும், ஆனால் சீட்டு போட்டதும் திரையில் தெரியவில்லையே என்று கவுண்டரில் குழப்பம் வரும்.

இவற்றைவிடப் பெரிய தடை வேகத்தைச் சார்ந்தது அல்ல. பேரன்ட்-சைல்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு தாய்தான். எங்கள் ஊரிலோ கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். "பட்டா மடத்துப் பேருல, சாகுபடி நாந்தான் தம்பி" என்று சொல்பவர்கள் எத்தனையோ பேர். ஒரே நிலத்தைக் குறுவைக்கு ஒருவர், சம்பாவுக்கு வேறொருவர் பயிரிடுவார். ஒரே ஆள் நான்கு கிராமத்தில் குத்தகை வைத்திருப்பார். இது பலவற்றுக்குப் பல என்ற உறவு. தாய்-பிள்ளை வடிவத்துக்குள் இதைத் திணித்தால் குத்தகைதாரர்தான் காணாமல் போவார். அதை நாங்கள் ஏற்கவில்லை.

தேடும்போது இணைப்பது

எல்லாவற்றையும் நகலெடுத்த பின்னும் சில கேள்விகள் மிஞ்சும். "இன்று வங்கிக் கணக்கு சரிபார்க்கப்படாத சாகுபடியாளர்களின் சீட்டுகள் எவை?" இங்கே ஃபில்டரே இன்றைய நிலையில் இருக்கிறது. நகல் உதவாது.

மிக எளிய வழி, நம் நிரலிலேயே இரண்டு குவெரி (தேடல் கேள்வி) போடுவது. முதலில் சாகுபடியாளர் இண்டெக்ஸில் தேடி ஐடிகளை எடுப்பது, பிறகு அவற்றை டெர்ம்ஸ் ஃபில்டராக, அதாவது 'இந்தப் பட்டியலில் உள்ளவை மட்டும்' என்ற நிபந்தனையாக, சீட்டு இண்டெக்ஸுக்குக் கொடுப்பது. பலர் இதைக் கைவேலை என்று ஒதுக்குகிறார்கள். கீகள் சில நூறு, சில ஆயிரம் என்ற அளவில் இருந்தால் இது அருமையாக ஓடும், எந்தப் பதிப்பிலும் ஓடும், பிழை வந்தால் எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். எல்லை எங்கே என்றால், டெர்ம்ஸ் குவெரியில் இயல்பாக 65,536 கீகளுக்கு மேல் கொடுக்க முடியாது. முதல் குவெரியிலிருந்து 10,000 முடிவுகளுக்கு மேல் எடுக்க சர்ச் ஆஃப்டர் முறையில் பக்கம் பக்கமாகப் போக வேண்டும். மாவட்டம் முழுவதையும் கேட்டால் இந்த வழி திணறும்.

இந்த வழியில் வேகத்தைத் தீர்மானிப்பது வரிசை. ஒரு கணக்குக்கு, சரிபார்க்கப்படாத கணக்குகள் 300 என்றும் இந்தப் பருவத்துச் சீட்டுகள் 40,000 என்றும் வைத்துக்கொள்வோம். 300லிருந்து தொடங்கினால் 300 கீ பயணப்படும். சீட்டிலிருந்து தொடங்கினால் ஆயிரக்கணக்கில் பயணப்படும். விடை ஒன்றே. தரவுத்தளத்தில் இந்த வரிசையைப் பிளானர் (குவெரியைத் திட்டமிடும் பகுதி) தானே யோசிக்கும். இங்கே நாம்தான் பிளானர். இரண்டு பக்கமும் முதலில் எண்ணிக்கையை மட்டும் கேட்டு, சிறிய பக்கத்திலிருந்து தொடங்கும்படி நிரலில் எழுதிவைப்பது சிறிய வேலைதான்.

இன்னொரு நுணுக்கம் இதைவிட முக்கியம். இரண்டு இண்டெக்ஸை இணைக்கிறோம் என்றாலே இரு பக்கத்துப் புலங்களும் எல்லா வரிக்கும் தேவை என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் தேவையில்லை. எந்தச் சீட்டுகள் என்று வடிகட்ட மறுபக்கத்துக் கீ மட்டும் போதும். கைபேசி எண் திரையில் தெரியும் 25 வரிக்குத்தான் வேண்டும். வடிகட்டலை ஒரு படியாகவும், தெரியும் பக்கத்துக்கு மட்டும் விவரம் ஒட்டுவதை இன்னொரு படியாகவும் பிரித்தால், கவுண்டரில் நாங்கள் பட்ட தாமதத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். புதிய கருவி எதையும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள் என்று யாரிடமும் சொல்வேன். எம்கெட் ஒரே அழைப்பில் 25 ஐடிக்கும் விவரம் தந்துவிடும்.

புதிய கருவி என்றால் எலாஸ்டிக்சர்ச்சின் ஈ.எஸ்.கியூ.எல். என்ற குவெரி மொழியில் வந்திருக்கும் லுக்கப் ஜாயின். 2025இல் 8.18, 9.0 பதிப்புகளில் முன்னோட்டமாக வந்து, 8.19, 9.1 பதிப்புகளில் முழுமையாக வெளியானது. எஸ்.கியூ.எல்.லின் லெஃப்ட் ஜாயின் போலவே, மறுபக்கத்தில் பொருத்தம் கிடைக்காத வரியையும் விடாமல், நடந்துகொள்கிறது. மறுபக்கத்து இண்டெக்ஸ் லுக்கப் மோடில் உருவாக்கப்பட்டிருக்க வேண்டும், அதற்கு ஒரே ஷார்டுதான். எங்கள் சாகுபடியாளர் இண்டெக்ஸ் சிறியது என்பதால் இந்தக் கட்டுப்பாடு உறுத்தவில்லை. கைபேசி எண்ணை மாற்றினால் அடுத்த தேடலிலேயே தெரியும், பாலிசி இயக்கும் வேலை இல்லை. வேர் (WHERE) ஃபில்டரை ஜாயினுக்கு முன்னால் எழுதி வரிகளைக் குறைத்துக்கொண்டு பிறகு இணைப்பது நல்லது. ஒரு குவெரி இயல்பாக 1,000 வரி, அதிகபட்சம் 10,000 வரிதான் தரும். கவுண்டர் திரைக்கு இது தாராளம், வருடாந்தர அறிக்கைக்குப் பதிவுகளைக் கூட்டித் தொகுத்தே கேட்க வேண்டியிருக்கும்.

ஓப்பன்சர்ச்சில் ஈ.எஸ்.கியூ.எல். இல்லை. அது 2021இல் எலாஸ்டிக்சர்ச் 7.10இலிருந்து பிரிந்து தன் வழியில் போனது. அதன் பி.பி.எல். என்ற குவெரி மொழியில் 2025இல் வந்த 3.0 பதிப்பு முதல் ஜாயின், லுக்கப் கட்டளைகள் இருக்கின்றன. சோலரில் ஜாயின் குவெரி நெடுங்காலமாகவே உண்டு. சோலரைப் பல சர்வர்களில் ஓட்டும் சோலர்கிளவுடில் வேறொரு கலெக்ஷனோடு (அங்கே இண்டெக்ஸுக்குப் பெயர்) அதை இணைக்க, அந்தக் கலெக்ஷன் ஒரே ஷார்டாக இருந்து, தேடப்படும் பக்கம் இருக்கும் எல்லா சர்வரிலும் அதன் நகல் இருப்பதுதான் வழக்கமான அமைப்பு. எலாஸ்டிக்சர்ச்சுக்கான சைரன் ஃபெடரேட் என்ற வணிக ப்ளக்இன் (கூடுதல் நிரல்) ஜாயின் வேலையையே எல்லா சர்வர்களுக்கும் பங்கிட்டுச் செய்கிறது. கோடிக்கணக்கான பதிவுகளுக்கு நடுவே தொடர்பு தேடும் புலனாய்வு வேலைக்கு அது ஏற்றது. நம் அளவுக்கு அது வேண்டாம்.

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தையும் நேர்மையாகத் தராசில் வைத்தோம். சில லட்சம் வரிகளுக்கு அதன் ஜாயின் தயக்கமில்லாமல் வேகமானது. தமிழ்ச் சொற்களுக்கான ஸ்டெம்மர் 12ஆம் பதிப்பு முதல் அதிலேயே இருக்கிறது. ஆனால் அது விகுதி பிரிக்க உதவுமே தவிர, ஒரே பெயரைப் பல விதமாக எழுதியிருந்தால் அவற்றை ஒன்றாகக் காட்டாது. பெயர்த் தேடல் முக்கியமில்லாத இடத்தில் நான் தேடல் இயந்திரத்தையே பரிந்துரைக்க மாட்டேன், போஸ்ட்கிரஸ் போதும்.

கீ சரியில்லை என்றால் எந்த வழியும் உதவாது

கிராமப் பெயரைக் கீயாக வைக்கவே கூடாது. மேலூர், கீழையூர் போன்ற பெயர்கள் பல வட்டங்களில் திரும்பத் திரும்ப வரும். மாவட்டக் குறியீடு, வட்டக் குறியீடு, கிராமக் குறியீடு, சர்வே எண், உட்பிரிவு ஆகியவற்றைச் சேர்த்து ஒரே சரமாக, இடைவெளி நீக்கி, எழுதும்போதே கட்டிவிட வேண்டும். தேடும்போது ஸ்கிரிப்ட் வைத்து ஐந்து புலங்களைக் கோப்பது வேகத்தைத் தின்றுவிடும்.

தமிழுக்கே உரிய பொறி ஒன்றும் உண்டு. கோட்டூர் என்ற சொல்லில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியும் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஜாயினுக்கு வேறு வேறு. பிழைச் செய்தி எதுவும் வராது, சில வரிகள் மட்டும் சத்தமில்லாமல் விடுபட்டுவிடும். தமிழ் எழுத்து உள்ள எந்தப் புலமும் உள்ளே போகுமுன் யூனிகோடின் சேர்த்தெழுதும் சீர் வடிவமான என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற வேண்டும். பெயர்த் தேடலுக்கு ஐ.சி.யு. ப்ளக்இன் இதைச் செய்துவிடும். கீ விஷயத்தில் எழுதும் நிரலே இதைச் செய்வது பாதுகாப்பு.

கீ எண்ணாக இருந்தால் வேகம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எலாஸ்டிக்சர்ச்சில் எண் வகைகள் 'இதற்கு மேல், இதற்குக் கீழ்' என்ற தேடலுக்காகச் செதுக்கப்பட்டவை. அடையாள எண்ணை அப்படியே பொருத்திப் பார்க்க கீவேர்டு வகையே (பிரிக்காமல் முழுதாக வைக்கும் எழுத்துச் சரம்) பெரும்பாலும் வேகம். ஈரப்பதம் எண், சாகுபடியாளர் ஐடி கீவேர்டு. எந்த வகையானாலும் இரு இண்டெக்ஸிலும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

நாங்கள் தேர்ந்தது

கிராமம், வாய்க்கால், பருவம், அன்றைய பெயர், அடங்கலில் இருந்த சாகுபடியாளர் ஐடி: இவை என்ரிச் வழியாகவும் எழுதும் நிரல் வழியாகவும் சீட்டுக்குள் உறைகின்றன. பணம் ஏறிய நிலை இன்றைய நிலைதான் என்றாலும், அந்த ஒரு சீட்டுக்கு மட்டுமே உரியது என்பதால் சீட்டிலேயே தனிப் புலம், மாறும்போது அந்த ஒரு சீட்டு மட்டும் மாறும். கைபேசியும் வங்கிக் கணக்கும் லுக்கப் மோடில் உள்ள சாகுபடியாளர் இண்டெக்ஸில் இருக்கும். கவுண்டர் திரை தெரியும் பக்கத்துக்கு மட்டும் எம்கெட் போடும். மேலாளர் பார்க்கும் பட்டியல் லுக்கப் ஜாயினைப் பயன்படுத்தும். குத்தகை உறவு நிலம், சாகுபடியாளர், பருவம் மூன்றையும் தாங்கும் தனிச் சிறு இண்டெக்ஸாகிறது.

ஈரப்பத வரம்பைச் சீட்டில் 'தாண்டியது' என்று உறையவைக்காமல் அளவை மட்டும் எண்ணாக வைத்திருக்கிறோம். மழை கெடுத்த ஆண்டுகளில் மத்திய அரசு 17 சதவீத வரம்பைத் தளர்த்துவது உண்டு. அன்று குவெரியில் ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

மாற்றத்தைச் சோதிப்பவர்களுக்கு ஒன்று. ஓய்வான ஒரு மதியத்தில் ஓட்டிப் பார்த்து வேகம் கூடிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். கடந்த சம்பாவின் சீட்டுகளை அதே வேகத்தில் எழுதவிட்டு, எழுதிக்கொண்டிருக்கும்போதே தேடுங்கள். சராசரியைப் பார்க்காமல், நூறு தேடலில் மிக மெதுவான ஐந்து எவ்வளவு நேரம் எடுத்தன என்று பாருங்கள். ப்ரொஃபைல் வசதியை இயக்கினால் குவெரியின் எந்தப் பகுதி நேரத்தை விழுங்குகிறது என்று ஷார்டு வாரியாகக் காட்டும். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் குறுவை அறுவடை செப்டம்பர் வாக்கில் தொடங்கிவிடும். பதிப்பு மாற்றமோ மறு இண்டெக்ஸோ செய்வதாக இருந்தால் ஆகஸ்டுக்குள் முடித்துவிடுவது நல்லது.